பொழிப்பு வந்த வழி

இன்று நம் கையில் இருக்கும் தமிழ் உரைகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது இறையனார் அகப்பொருள் உரை. தன் பிறப்புக் கதையைத் தானே சொல்லித்தான் அது தொடங்குகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை இல்லை. புலவர்களைக் காக்க இயலாத அரசன், வேறு நாடுகளில் போய்ப் பிழைத்திருந்து நாடு செழித்த பிறகு திரும்பி வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டான். மழை திரும்பியதும் ஆள்விட்டுத் தேடினான். எழுத்து வல்லவர், சொல் வல்லவர், யாப்பு வல்லவர் எல்லாரும் கிடைத்தார்கள். பொருளதிகாரம் வல்லவர் எவரும் கிடைக்கவில்லை. பொருளை அறிவதற்காகத்தானே எழுத்தும் சொல்லும், அது போனபின் இவற்றை வைத்து என்ன செய்வது என்று அரசன் கலங்கினான். ஆலவாய் இறைவன் மனமிரங்கி, அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின் கீழ் இட்டான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. நூல் வந்தாயிற்று, அதற்குப் பொருள் சொல்வது யார்? சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்தார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க ஒரு நடுவர் வேண்டியிருந்தது. ஊமைப் பிள்ளையான ஐந்து வயது உருத்திரசன்மனைக் கொண்டுவந்து இருக்கையில் அமர்த்தி, அவன் முன் ஒவ்வொருவராகத் தம் உரையைச் சொன்னார்கள். பலர் சொன்னபோது பிள்ளை அசையாமல் இருந்தான். மருதன் இளநாகனார் சொன்னபோது சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்த்தான். அதுவே மெய்யுரை என்று துணிந்தார்கள்.

இதை வரலாறாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையை உண்டாக்கிய மனம் எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இறைவனே எழுதிய நூலும் ஒருவர் பொருள் சொல்லி, இன்னொருவர் கேட்டு உள்ளம் கரைந்த பிறகுதான் நிறைவடைகிறது என்று அது கருதியது. அந்த உரை பிறகு நக்கீரர் மகனார் கீரங்கொற்றனாரில் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது என்று நூல் பெயர் பெயராகச் சொல்கிறது. பொழிப்புரை என்று இன்று நாம் அழைக்கும் சிறிய பொருளின் வாழ்க்கை ஏட்டிலும் தாளிலும் தொடங்கவில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போன பேச்சில் தொடங்கியது.

ஒரு சூத்திரத்துக்கு எப்படி உரை சொல்ல வேண்டும் என்பதற்குப் பழைய உரையாசிரியர்கள் நான்கு செயல்களை வகுத்திருந்தார்கள். கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டுதல், அகலம் கூறுதல். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. செய்யுளில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து கணுத் தெரியாமல் நிற்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்வது கண்ணழித்தல். பின்னாளில் பதவுரை என்று பெயர் பெற்றது இதுதான். அதற்கு முன்பே, இந்தச் சூத்திரம் எதைச் சொல்ல வந்தது என்று ஆசிரியர் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். அது கருத்து. பிரித்துப் போட்ட சொற்களை மறுபடி சேர்த்து, உரைநடையில் ஒரே ஓட்டமாகச் சொல்வது பொழிப்பு. திரட்டுதல் என்ற வினையை அதற்கு அவர்கள் தேர்ந்தது காரணத்தோடுதான். பாலிலிருந்து வெண்ணெயைத் திரட்டுவதுபோல, கடைந்த பிறகு கிடைப்பது அது. நான்காவதான அகலத்தில்தான் மாணவன் வாய் திறப்பான். ஏன் இந்தச் சொல், வேறு சொல் வைத்தால் என்ன, முன்பு சொன்னதற்கு இது முரணாகாதா என்று தடை எழுப்புவான். ஆசிரியர் விடை சொல்வார். மேற்கோள் காட்டுவார்.

ஆக, பொழிப்புக்கு முன்னால் இரண்டு வேலை, பின்னால் ஒரு வேலை. தனியாக நிற்கும் பொழிப்பை அந்தக் காலத்தவர் அரைகுறை என்றுதான் நினைத்திருப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் நன்னூல் செய்தபோது, உரைக்கு இருக்க வேண்டிய இலக்கணமாகப் பதினான்கை அடுக்கினார். பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள் என்று தொடங்கும் அந்த வரிசையில் தொகுத்துரை என்று ஓரிடத்தில் வருவதுதான் ஏறத்தாழ நம் பொழிப்பு. உதாரணம், வினா, விடை, விசேடம், விரிவு, அதிகாரம், துணிவு, பயன், ஆசிரிய வசனம் எல்லாம் அதற்குப் பிறகுதான். உட்பொருளைச் சுருக்கமாகத் திறந்து காட்டும் காண்டிகையுரையையும் விரித்துச் செல்லும் விருத்தியுரையையும் அவர் வேறுவேறாக வைத்தார். இதில் வியப்பு என்னவென்றால், சுருக்கமான காண்டிகைக்கும் காட்டும் வினாவும் விடையும் வேண்டும் என்கிறார். கேள்வி இல்லாத உரையை நன்னூல் உரையாகவே எண்ணவில்லை.

அகலம் என்ற அந்த நான்காவது அறையில்தான் தமிழின் பெரும் செல்வம் ஒதுங்கிக் கிடந்து பிழைத்தது. நெடுமாறன் என்ற பாண்டியனைப் புகழ்ந்த பாண்டிக்கோவைப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் நமக்குக் கிடைத்தது, இறையனார் அகப்பொருள் உரை அவற்றை எடுத்துக்காட்டாகத் தந்ததால். தகடூர் யாத்திரையில் எஞ்சியவை, வளையாபதி குண்டலகேசியில் எஞ்சியவை, பெயர் மட்டும் மிஞ்சிய இசைநூல், கூத்துநூல்களின் துண்டுகள் எனப் பலவும் உரைகளுக்கும் தொகைநூல்களுக்கும் நாம் பட்ட கடன். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் உரை எழுதும்போது அரங்கேற்று காதையில் ஆடலையும் யாழையும் குழலையும் பற்றி அவர் கொட்டி வைத்த செய்திகள் இல்லையென்றால், பழந்தமிழ் இசையைப் பற்றி நாம் பேசுவதில் பாதி இருக்காது. ஒரு காப்பியத்துக்குப் பொருள் மட்டும் போதும் என்று அவர் நிறுத்தியிருந்தால் நமக்கு எவ்வளவு போயிருக்கும்!

உரையாசிரியர்கள் எல்லாரும் மூலத்துக்கு அடங்கி நடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை வகுத்தபோது, பாட்டின் தொடக்கத்தில் உள்ள ஒரு சொல்லை நூறு அடி தள்ளியுள்ள இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பொருள் கொண்டார். மாட்டு என்ற இலக்கணம் அதற்கு இடம் தருகிறது என்பது அவர் துணிவு. மறைமலையடிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1903இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையிலும், 1906இல் வந்த பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையிலும், புலவன் சொல்லை வைத்த வரிசையே அவன் எண்ணத்தின் வரிசை, அதைக் கலைப்பது பாட்டைக் கலைப்பது என்ற நிலையில் நின்று வாதாடினார். நான் மறைமலையடிகள் பக்கம். ஆனாலும் நச்சினார்க்கினியர் இல்லாமல் அந்தப் பாட்டுகளில் பாதிச் சொற்களுக்கு மறைமலையடிகளுக்கும் பொருள் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வைணவ உலகில் இந்தப் பொருள் வேறொரு வடிவம் எடுத்தது. அங்கே உரைக்கு அளவு வைத்தார்கள். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. நஞ்சீயர் எழுதியது ஒன்பதினாயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்து நாலாயிரப்படி, இராமாயணத்தின் அளவு. வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. இவ்வளவும் வந்த பிறகு, வாதிகேசரி அழகிய மணவாள சீயர் பன்னீராயிரப்படி எழுதினார். முன்னவர்கள் எல்லாம் உள்ளம் உருகி அகலத்திலேயே நின்றுவிட்டார்கள், சொல்லுக்குச் சொல் பொருள் தெரிய வேண்டிய புதியவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பதவுரையாகப் பொருள் சொன்னது அவர் உரைதான். பெரிய விரிவுரைகளுக்குப் பிறகு எளிய பதவுரை வந்த இந்த வரிசை எனக்கு நிறைவு தருகிறது. எளிமை கடைசியில் வந்தது, எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஒருவரிடமிருந்து.

நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியைப் பற்றி வைணவர்கள் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. தம் உரையை நல்ல கையெழுத்தில் படியெடுக்க நம்பூர் வரதராசரிடம் சுவடியைக் கொடுத்தார் நஞ்சீயர். அதை எடுத்துக்கொண்டு காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் சுவடியைக் கொண்டுபோய்விட்டது. வரதராசர் கரையேறி, ஆசிரியரிடம் கேட்டதை நினைவிலிருந்தே முழுவதும் எழுதினார். எழுதும்போது சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயங்களும் சேர்ந்துகொண்டன. படித்துப் பார்த்த நஞ்சீயர், இது நாம் எழுதியதைவிடச் சிறப்பாக இருக்கிறதே என்று நடந்ததைக் கேட்டறிந்து, அவரைத் தழுவி 'நம்பிள்ளை' என்றார். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. பிறர் சொன்னதைத் தன் சொல்லில் சொல்லும் கலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு நம் மரபில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பின்னர் அதே நம்பிள்ளை திருவரங்கத்தில் பகலில் சொன்னதை, வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் தனியே எழுதி வைத்ததுதான் ஈடு. பேச்சுதான் மறுபடியும் முன்னே நடந்தது. எழுத்து அதன் பின்னால் வந்தது.

ஓலையில் உரையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே மூலம் பெரிய எழுத்தும் உரை சிறிய எழுத்துமாக இருக்காது. புள்ளி இல்லை, பத்தி இல்லை. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது, மேற்கோள் எங்கே நுழைந்தது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சொல்லி, உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது பட்ட பாடு இதுதான். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தது. அந்த உரைக்குள் அவர் பெயர் சொல்லாமல் காட்டிய மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியவில்லை. சமணக் கருத்துகள் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். ஏடுகளை ஒப்பிடும்போது, நச்சினார்க்கினியர் உரையே இரண்டு வகையாக இருப்பதைக் கண்டார். முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை, பிறகு அவர் சமண நூல்களைக் கற்று இரண்டாம் முறை எழுதினார் என்று வழங்கிவந்த செய்திக்கு அது பொருந்தியது. சமயத்தால் வேறான ஒருவர், தாம் சொன்ன பொருளை அந்த நூலுக்குரியவர்கள் மறுத்தார்கள் என்பதற்காகப் பாடம் கேட்டு, மொத்தக் காப்பியத்துக்கும் மறுபடி உரை எழுதியிருக்கிறார். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நச்சினார்க்கினியர் மேல் உள்ள கோபமெல்லாம் போய்விடுகிறது.

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் பின்தொடர்ந்தன. அச்சு செய்த முதல் வேலை, மூலத்தையும் உரையையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வைத்தது. பாட்டு மேலே, உரை கீழே. இதன் பொருள் என்பது (இ-ள்) ஆயிற்று. பதவுரை (ப-ரை), குறிப்புரை (கு-ரை), விசேடவுரை (வி-ரை), என்றவாறு (எ-று). பழைய பதிப்புகளைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அடைப்புக்குறிகள் வீட்டுப் பெயர்கள்போல் பழகியிருக்கும். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் கம்பராமாயண உரையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் கீழும் இவை வரிசையாக நிற்கும்.

பிரித்து வைத்ததால் ஒரு வசதி. வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போகலாம். ஓலையில் அது இயலாது. பொழிப்பு தன் துணைகளிடமிருந்து விலகத் தொடங்கிய இடம் இதுவென்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இதற்கும் முன்பே இன்னொன்று செய்திருந்தார். 1852இல் அவர் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். சேக்கிழாரின் பாட்டு அதில் இல்லை. கதை, பொருள், சைவ நெறி எல்லாம் உரைநடையில். நாவலருக்குத் தேவை இருந்தது. மிஷனரிப் பள்ளிகளில் பைபிள் எளிய தமிழில் கிடைத்துக்கொண்டிருந்தபோது, சைவப் பிள்ளைக்கு நாயன்மாரின் வரலாறு எட்டாத செய்யுளில் இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதே நாவலர் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையையும் பிழை நீக்கிப் பதிப்பித்தார், நன்னூலுக்குக் காண்டிகையுரையும் எழுதினார். பொழிப்பு தனியாக நடக்கவும் வேண்டும், மூலத்தோடு இருக்கவும் வேண்டும் என்பதை ஒருவரே உணர்ந்து இரண்டையும் செய்தார்.

அந்த மண்ணில் வாய்மொழி உரையும் அழியவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் அதற்குப் பொருள் சொல்வார். அதைப் பயன் சொல்லுதல் என்கிறார்கள். தமிழ்நாட்டின் திரௌபதியம்மன் கோயில்களில் வில்லிபாரதம் வாசித்துப் பொருள் விரிக்கும் பாரதப் பிரசங்கமும் இதன் உறவுதான். தெருக்கூத்தில் பாட்டை முடித்த வேடக்காரர் அதையே வசனத்தில் திருப்பிச் சொல்வதும் இதுதான். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விவசாயிக்குக் கர்ணனின் பேச்சு சொல்லுக்குச் சொல் தெரிந்திருந்தது என்றால், நள்ளிரவில் யாரோ ஒருவர் பாட்டுக்குக் கீழே வசனத்தை வைத்ததால்தான்.

மேற்கிலும் பொழிப்புக்கு ஒரு நீண்ட வாழ்க்கை உண்டு. பாராஃபிரேஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஒன்றின் பக்கத்தில் வைத்துச் சொல்வது என்ற பொருள் அதில் இருக்கிறது. ரோமில் முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன், சிறுவர்களை ஈசாப்பின் கதைகளை முதலில் தம் சொல்லில் சொல்லச் செய்து, பிறகு எழுதச் செய்து, அதன்பின் துணிந்து மாற்றிச் சொல்லச் சொன்னார். வெறுமனே பொருள் பெயர்ப்பதோடு நிற்காமல் மூலத்தோடு போட்டியிடட்டும் என்பது அவர் ஆசை. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டுக்கு லத்தீனில் பாராஃபிரேஸ்கள் எழுதினார். 1547இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் ஆணை, ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் அவற்றின் ஆங்கில வடிவத்தை வாங்கி மக்கள் படிக்க வைக்க வேண்டும் என்றது. 1680இல் கவிஞர் டிரைடன், ஓவிடின் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் மூன்று வழிகளைப் பிரித்தார். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மெட்டாஃபிரேஸ். ஆசிரியனைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சொல்லைவிடப் பொருளைத் தொடர்வது பாராஃபிரேஸ். இரண்டையும் விட்டுத் தன் போக்கில் பாடுவது இமிட்டேஷன். நம் கண்ணழிவும் பொழிப்பும் அவருடைய முதல் இரண்டுக்கு மிக அருகில் நிற்கின்றன. ஆனால் டிரைடன் அவற்றை ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளாக வைத்தார். நம்மவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளாக வைத்தார்கள்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. தேர்வு வந்தது. தேர்வோடு பாடநூல் வந்தது, பாடநூலோடு அதற்குப் பொருள் எழுதிய நோட்ஸும் வந்தது. பள்ளிப் பிள்ளைக்குச் செய்யுள் என்பது மனப்பாடப் பகுதி என்றும், அதன் கீழே உள்ள பொழிப்புரை என்பது விடைத்தாளில் எழுத வேண்டிய பகுதி என்றும் ஆயிற்று. திருச்சிராப்பள்ளியில் தமிழ் கற்பித்த ஐயம்பெருமாள் கோனாரின் பெயரில் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட உரைநூல் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்தது. கோனார் உரை என்பது ஒரு நூலின் பெயராக இருந்து ஒரு பொருளின் பெயராகவே மாறியது. அதைத் தாழ்த்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் தமிழ் சொல்லித்தர ஆளில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த உரைதான் ஆசிரியர். சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் அதில் இருந்தன. கண்ணழிவு இன்னும் உயிரோடு இருந்த கடைசி வீடுகளில் அது ஒன்று. குறை தேர்வின் கேள்வியில் இருந்தது. பொருள் எழுதுக என்று கேட்ட தேர்வு, ஏன் என்று ஒருபோதும் கேட்கவில்லை. நன்னூல் கேட்ட வினாவும் விடையும் அங்கே உதிர்ந்தன.

1947இல் அமெரிக்கத் திறனாய்வாளர் கிளீன்த் புரூக்ஸ், கவிதையை உரைநடையில் திருப்பிச் சொல்லி அதுதான் கவிதை என்று நம்புவதைச் சமய மறுப்புக்கு ஒப்பான பிழையாகக் கண்டித்து எழுதினார். 1949இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், மு. வரதராசனின் திருக்குறள் தெளிவுரையை வெளியிட்டது. ஒரு குறள், அதன் கீழே ஒரே வாக்கியம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்தவை. புரூக்ஸ் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். மு.வ. செய்தது தேவையென்றும் நினைக்கிறேன். அந்தச் சிறு புத்தகம் இல்லாமல் குறள் புலவர்களின் அலமாரியைவிட்டு இவ்வளவு தூரம் வெளியே வந்திருக்காது.

ஆனால் தனியே நிற்கும் ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய பொறுப்பைத் தோளில் ஏற்றுகிறது என்பதை ஒரு குறளை வைத்துப் பார்க்கலாம். மக்கட்பேறு அதிகாரத்தின் ஒன்பதாம் குறள். தன் மகனைச் சான்றோன் என்று கேட்ட தாய், அவனைப் பெற்றபோது அடைந்ததைவிட அதிகம் மகிழ்வாள் என்பது அதன் பொருள். இந்த எண்ணம் குறளில் பிறந்ததும் இல்லை. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய் ஒருத்தி இருக்கிறாள். மகன் போரில் புறமுதுகிட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இரண்டு இடத்திலும் ஒரு தாய், ஒரு கேள்விப்பட்ட செய்தி, பெற்ற நாளை மிஞ்சும் மகிழ்ச்சி. களத்துப் பிணத்தின் இடத்தில் சான்றாண்மையை வைத்து வள்ளுவர் அந்த எண்ணத்தையே வேறு சொல்லில் சொன்னார் என்று கொண்டால், குறளே ஒரு பழம்பாட்டின் பக்கத்தில் வைத்துச் சொன்னதாகிறது.

பரிமேலழகர் இந்தக் குறளுக்குப் பொழிப்புச் சொல்லும்போது, சான்றோன் என்பதற்குக் கல்வி கேள்விகளால் நிறைந்தவன் என்று பொருள் கொள்கிறார். சொல்பவர்கள் அறிவுடையவர்கள் என்கிறார். அறிவுடையார் என்ற சொல் குறளில் இல்லை, வருவிக்கப்பட்டது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். ஒருவனைச் சான்றோன் என்று சொல்லும் தகுதி அவர்களுக்குத்தானே உண்டு என்பது அவர் காட்டும் காரணம். பிறகு அகலத்தில் ஒரு விளக்கம் தருகிறார். மடியில் கண்ட மகிழ்ச்சி எல்லாத் தாய்க்கும் பொது, இது சிறப்பு மகிழ்ச்சி, அதனால் பெரிது. இது அருமையான இடம். அதற்கு அடுத்து, தாய் ஏன் கேட்டாள் என்று சொன்னது என்றால், பெண் என்பதால் தானாக அறிய மாட்டாள் என்று எழுதுகிறார். அவருடைய நூற்றாண்டு அந்த ஒரு வரியில் வெளியே தெரிகிறது. அதை மறுக்க வேண்டும், மறுத்தவர்கள் உண்டு. ஆனால் மறுக்க முடிகிறதென்றால் அவர் காரணத்தை எழுதி வைத்ததால்தான்.

மு.வ.வின் தெளிவுரையில் சான்றோன் நற்பண்பு நிறைந்தவன் ஆகிறான். கல்வி போய்ப் பண்பு வருகிறது. சொல்பவர்கள் அறிவுடையவர்களாக இல்லை, பிறர். கலைஞர் கருணாநிதியின் உரையில் சொல்பவர்கள் ஊரார். அங்கே பாராட்டும் இடம் மாறுகிறது. நல்ல மகனைப் பெற்றவள் என்று ஊரார் தாயைப் பாராட்டுகிறார்கள். சங்கப் பாட்டில் களத்தில் வெட்டுண்டு கிடந்தவன், பரிமேலழகரிடம் கற்றவனாகி, மு.வ.விடம் பண்புள்ளவனாகி, கலைஞரிடம் தன் புகழைத் தாய்க்குக் கொடுத்துவிடுகிறான். ஒவ்வொன்றும் தன் காலத்து மேடையையும் வீட்டையும் பார்த்து எழுந்த வாக்கியம். எதுவும் பொய் சொல்லவில்லை. இன்று கைப்பேசியில் ஒரு குறளைத் தட்டினால் இந்த உரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஏன் வேறுபடுகின்றன என்ற குறிப்பு மட்டும் எங்கும் வருவதில்லை.

மூன்று உரைகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. சான்றோன் என்று சொன்னவர் யார் என்பதைக் குறள் சொல்லவில்லை. கேட்டவளை மட்டும் காட்டுகிறது. உரைநடை வாக்கியம் அப்படி நிற்காது, சொல்லக் கேட்ட என்று எழுதியதுமே யார் சொல்ல என்ற கேள்வி வந்துவிடும். அறிவுடையார் என்று ஒருவரும், பிறர் என்று ஒருவரும், ஊரார் என்று ஒருவரும் அந்த இடத்தை நிரப்பினார்கள். இவர்களில் அந்தச் சொல்லை நான் சேர்த்தேன் என்று வாசகனிடம் சொன்னவர் பரிமேலழகர் ஒருவர்தான்.